‘உடல் ஏற்கவில்லை’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியின் நிலை மோசமானால், செய்திகளில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வருகிறது: ‘புதிய இதயத்தை அவரது உடல் ஏற்கவில்லை.’ அடுத்த வரியில் ‘எக்மோ கருவியில் வைக்கப்பட்டுள்ளார்’ என்றிருக்கும் (எக்மோ என்பது இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்யும் இயந்திரம்). படிப்பவர் இரண்டையும் சேர்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். முதல் வாக்கியம் அநேகமாக எப்போதுமே தவறு. இரண்டாவது உண்மை, ஆனால் அதற்கு மக்கள் கொள்ளும் பொருள் தவறு. இந்தத் தவறோடு ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் உறவினர், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் நீளும் நேரத்தில் சிறுநீரகமும் கல்லீரலும் அடிவாங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

உடல் ஏற்க மறுப்பது என்பது நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை. அந்த அணுக்கள் புதிய உறுப்பை அந்நியம் என்று கண்டுகொண்டு, பெருகி, உள்ளே புகுந்து தாக்குவதற்குப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் சில நிமிடங்களிலேயே தாக்குவதும் உண்டு. ரத்த வகையும் எதிர்ப்பொருள்களும் முன்பே பார்க்கப்படுவதால் அது இன்று மிக அரிது. முதல் 24 மணி நேரத்துக்குள் புதிய இதயம் தளர்ந்துபோவது பெரும்பாலும் வேறு நோய். முதன்மைச் செயலிழப்பு என்று சொல்லலாம், ஐ.சி.யூ. பேச்சில் ‘பி.ஜி.டி.’. இதய, நுரையீரல் மாற்றுக்கான சர்வதேசச் சங்கம் 2014ல் வெளியிட்ட கருத்தறிக்கைதான் இதற்கு வரையறையும் படிநிலைகளும் தந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் 30 நாட்களில் நேரும் மரணங்களுக்கு முதன்மையான காரணம் இதுவே.

இது ஏன் வருகிறது? இதயம் மாறிய பயணத்தைப் பின்தொடர்ந்தால் விளங்கும். கொடையாளருக்கு மூளைச்சாவு நேரும் தருவாயில் மண்டைக்குள் அழுத்தம் ஏறி, உடல் முழுவதும் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது. இதயத் தசைச் செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுகிறது. இது முதல் அடி. பிறகு பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இதயத்தை நிறுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். குளிரில் செல்களின் தேவை குறையும், ஆனால் நிற்காது. 4 மணி நேரம் என்ற எல்லை அதனால்தான். ஐஸ் நேரடியாகப் பட்டு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கினாலும் தசை கெடும். அடுத்து, பெறுபவரின் மார்பில் வைத்துத் தைக்கும்போது இதயம் மெல்லச் சூடாகிறது. ரத்தமோ இன்னும் வரவில்லை. கடைசி அடி, பெருந்தமனியின் கிளாம்ப்பை எடுத்து ரத்தத்தை விடும்போது விழுகிறது. ஆக்சிஜன் திடீரென்று வருவதால் செல்லுக்குள் நச்சு மூலக்கூறுகள் உண்டாகி, மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்குகின்றன.

இத்தனையும் தாங்கிய தசை செத்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. மரத்துப்போயிருக்கிறது. மரத்துப்போன காலை ஊன்றி ஓடச் சொன்னால் விழுவோம். சற்று நேரம் விட்டால் உணர்வு திரும்பும். இதயத்துக்கு அந்தச் ‘சற்று நேரம்’ இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை. அதுவரை மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போயாக வேண்டும். இயந்திரத்தின் வேலை அவ்வளவுதான். அது இதயத்தைக் குணப்படுத்துவதில்லை, ஓய்வு கொடுக்கிறது.

ஓய்வு தர முடிவெடுக்கும் முன், கையால் சரிசெய்யக்கூடிய கோளாறு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்துவது முதல் கடமை. உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் தமனியைத் தைத்த இடம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி நெரிக்கலாம். இதயத் தசைக்கே ரத்தம் தரும் கொரோனரித் தமனிகளில் வலதில் காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அந்தத் தமனியின் வாய் பெருந்தமனியின் முன்பக்கம் மேலே இருப்பதால் காற்று நேராக அங்கேதான் ஏறும். பெறுபவரின் நுரையீரல் ரத்த அழுத்தம் பல ஆண்டுகளாக உயர்ந்தே இருந்திருந்தால், குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய கொடையாளரின் மெல்லிய வலது கீழறை அந்தச் சுவரில் மோதித் தளரும். இப்படிக் காரணம் தெரிந்தவை எல்லாம் இரண்டாம் நிலைச் செயலிழப்பு. காரணத்தைத் தீர்க்காமல் இயந்திரத்தை மாட்டினால் நேரம்தான் வீணாகும்.

கோளாறு எதுவும் இல்லையென்றால், அறுவை சிகிச்சையின்போது ரத்தத்தைச் சுற்றவிடும் இதய-நுரையீரல் இயந்திரத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் இளைப்பாற விடுவார்கள். புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. நரம்பு வழியே துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தாலும் துடிப்பு ஏறாது. மின்தூண்டல் தரும் பேசிங் கம்பிகள் மூலம் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிப்பை நிலைநிறுத்த வேண்டும். வலது பக்கத்துக்கு உதவியாக மூச்சுக்காற்றில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு நைட்ரிக் ஆக்சைடு கலக்கலாம். கூடவே இதயத்தை வலுவாகத் துடிக்க வைக்கவும் ரத்த அழுத்தத்தைத் தாங்கவும் மருந்துகள் ஏறும். இங்கேதான் பெரும்பாலான சறுக்கல்கள். இன்னும் கொஞ்சம் அட்ரினலின், இன்னும் கொஞ்சம் மில்ரினோன் என்று ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். இதைத் தடுக்கத்தான் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மருந்தளவு எல்லாம் ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது. டோபமின், டோபுடமின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மில்ரினோனை 15ஆல், அட்ரினலின், நார் அட்ரினலினை 100ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அட்ரினலின் 0.05 என்றால் 5. மில்ரினோன் 0.5 என்றால் 7.5. கூட்டினால் 12.5. பார்வைக்குச் சின்ன அளவுகள்தான், ஆனால் 10ஐத் தாண்டிவிட்டது. இடது கீழறையின் வெளியேற்றும் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள ரத்தத்தில் வெளியேறும் பங்கு) 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தாலோ, வலது மேலறை அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேலும், இடது பக்கத்தில் ரத்தம் தேங்குவதைக் காட்டும் நுரையீரல் நுண்தமனி அடைப்பு அழுத்தம் 20க்கு மேலும், உடல்பரப்பு சதுர மீட்டருக்கு ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குக் கீழும், சராசரி ரத்த அழுத்தம் 70க்குக் கீழுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, இந்த மருந்துக் கணக்கோடு சேர்ந்து அது நடுத்தரச் செயலிழப்பு. இயந்திரம் இல்லாமல் ரத்த ஓட்டம் நிலைக்காது என்ற நிலை வந்தால் கடுமையானது.

நடுத்தர நிலையில் பலூன் பம்ப் போடுவது வழக்கம். இறங்கு பெருந்தமனிக்குள் ஏறக்குறைய 40 மில்லி ஹீலியம் நிரம்பும் பலூன், இதயம் விரியும்போது ஊதி, சுருங்கும் கணத்தில் சட்டென வற்றும். கொரோனரிக்கு ரத்தம் கூடும், இடது கீழறைக்குச் சுமை குறையும். ஆனால் ரத்த ஓட்டத்தில் அது சேர்ப்பது நிமிடத்துக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். இதயம் தானாக ஓரளவு அடித்தால்தான் அதற்கும் பயன். கடுமையான நிலையில் பலூனை மட்டும் நம்பி ஓர் இரவைக் கடத்துவது ஆபத்து என்பது எங்கள் உறுதியான கருத்து. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததைக் காட்டும் லாக்டேட் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், சிறுநீர் நின்று, இதயம் நின்ற பிறகு மார்பை அழுத்திக்கொண்டே எக்மோ போடுவதும், அறுவை அரங்கிலேயே நிதானமாகப் போடுவதும் ஒன்றல்ல. இயந்திரம் ஒன்றே, போடும் நேரம்தான் வேறு.

கோவிட் காலத்தில் ‘எக்மோ’ வீட்டுச் சொல்லாகிவிட்டது. அப்போது பெரும்பாலும் பயன்பட்டது நுரையீரலுக்கான எக்மோ: சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே திருப்பும். பாழான நுரையீரலோடு வாரக்கணக்கில் காத்திருந்து, பலர் மீளவில்லை. அந்தத் துயர நினைவுதான் இன்றும் சொல்லில் ஒட்டியிருக்கிறது. இதய மாற்றுக்குப் பின் போடுவது சிரையிலிருந்து எடுத்துத் தமனிக்குள் செலுத்தும் எக்மோ. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் சில நாட்களுக்குத் தாங்கும்.

அதன் அமைப்பு எளிது. மார்பு திறந்திருந்தால் வலது மேலறையில் ஒரு குழாய், ஏறு பெருந்தமனியில் ஒரு குழாய். மூடியாகிவிட்டால் தொடை வழி: சிரையில் 21 முதல் 25 பிரெஞ்சு அளவுள்ள நீண்ட குழாயின் நுனி வலது மேலறை வரை போகும், தமனியில் 15 முதல் 19 பிரெஞ்சு. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். ஆக 17 என்றால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தனை பருமனான குழாய் தொடைத் தமனியை அடைத்துக்கொண்டால், கீழே காலுக்கு என்ன போகும்? அதற்காகவே 6 முதல் 8 பிரெஞ்சு அளவில் இன்னொரு சிறு குழாயைக் கீழ்நோக்கிச் செருகி, காலுக்குத் தனியாக ரத்தம் விட வேண்டும். பெரிய குழாய் போடும்போதே இதையும் போட்டுவிட வேண்டும். பாதம் வெளிறிய பிறகு போட்டால் தசை செத்து, காலே போகலாம். மணிக்கொரு முறை பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் செவிலியரின் கைக்கு ஈடான மானிட்டர் இல்லை.

சுழல்பம்ப் ரத்தத்தை இழுத்து, அதில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர் வழியே தள்ளுகிறது. ஓட்டம் உடல்பரப்பு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.2 முதல் 2.5 லிட்டர், சராசரி உடலுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர். தாராளமாக ஐந்து, ஆறு என்று ஓட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. தொடையிலிருந்து மேல்நோக்கி வரும் ரத்தம் பெருந்தமனியில் அழுத்தத்தை ஏற்றுகிறது. மரத்துப்போன இடது கீழறை அதற்கு எதிராகத் தன் வால்வைத் திறக்க வேண்டும். திறக்க முடியாவிட்டால், நுரையீரல் வழியாகவும் இதயத்தின் சொந்தச் சிரைகள் வழியாகவும் வந்து சேரும் ரத்தம் உள்ளே தேங்கி, அறை பலூன்போல் உப்பும். ஓய்வு கொடுக்கப் போட்ட கருவியே இதயத்தை வதைக்கும் கட்டம் இது. தமனி அழுத்தக் கோடு மானிட்டரில் மேடுபள்ளமின்றித் தட்டையாகும். எக்கோவில் பெருந்தமனி வால்வு அசையாது, அறைக்குள் ரத்தம் புகைபோலச் சுழலும். அது உறைவதற்கான முன்னறிவிப்பு. மூச்சுக்குழாயில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் ஏற்கெனவே தாமதம். உறுப்புகள் தாங்கும் அளவுக்கு ஓட்டத்தைக் குறைப்பதும், இதயத்தைத் துடிக்க வைக்கும் மருந்தைச் சிறிய அளவில் தொடர்வதும், பலூன் பம்ப் சேர்ப்பதும் முதல் படி. போதாவிட்டால் வலது மேல் நுரையீரல் சிரை வழியே குழாய் விட்டு இடது பக்க ரத்தத்தை எக்மோவின் சிரைக் குழாயோடு இணைத்து வடிக்கலாம். அல்லது இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் இறைக்கும் இம்பெல்லா என்ற நுண் பம்ப்பை வைக்கலாம்.

இன்னொரு கண்ணி, இதயம் மீளத் தொடங்கும்போது காத்திருக்கிறது. நுரையீரல் இன்னும் நீர்கோத்திருக்க, இதயம் மட்டும் அடிக்கத் தொடங்கினால், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை மேலே தள்ளும். எக்மோவின் நல்ல ரத்தம் கீழிருந்து வந்து எதிர்ப்படும். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு மேலே இருப்பவை கொரோனரித் தமனிகளும் மூளையும். காலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 100 காட்டும், மூளை மூச்சுத் திணறும். பெருந்தமனியின் முதல் கிளை வலது கைக்கும் மூளையின் வலப்பக்கத்துக்கும் போவதால், தமனி ஊசியும் ஆக்சிமீட்டரும் வலது கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு சிறு விஷயத்தில் கவனம் தவறினால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் நோயாளி மூளைச் சேதத்தோடு கண்விழிப்பார்.

ரத்தக் கசிவும் ரத்த உறைவும் எதிரெதிராக இழுக்கும். புதிதாகத் தைத்த மார்பு கசியும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. முதல் 12 முதல் 24 மணி நேரம் அதை நிறுத்திவைப்பது வழக்கம். கசிவு அடங்கியபின் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனை 60 முதல் 80 வினாடிக்குள் இருக்கும்படி மெல்ல ஏற்றுவார்கள். ஆக்சிஜனேட்டரை டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளாக உறைவு தெரியும். சிரைக் குழாய் திடீரென்று நடுங்கத் தொடங்கி ஓட்டம் குறைந்தால், பம்ப்பின் வேகத்தை ஏற்றக் கூடாது. இழுக்க ரத்தம் இல்லாததால்தான் குழாய் நடுங்குகிறது: நீர் குறைந்திருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், மார்புக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை நெரிக்கலாம். வேகத்தை ஏற்றினால் சிவப்பணுக்கள் நொறுங்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாக வருவது அதன் தடயம்.

வலது பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் முழு எக்மோ தேவைப்படாமலும் போகலாம். கழுத்துச் சிரை வழியே இரட்டைத் துளைக் குழாய் விட்டு, வலது மேலறையிலிருந்து எடுத்து நுரையீரல் தமனியில் விடலாம். மார்பு திறந்திருந்தால் சென்ட்ரிமேக் போன்ற காந்தத்தில் மிதக்கும் பம்ப்பை ஒரு பக்கத்துக்கோ இரு பக்கத்துக்குமோ இணைக்கலாம். ஆனால் பி.ஜி.டி.யில் இரண்டு பக்கமும் தளர்வதே அதிகம் என்பதாலும், விரைவில் போட்டு எளிதில் எடுக்கலாம் என்பதாலும் பல மையங்கள் எக்மோவையே முதலில் கையில் எடுக்கின்றன.

எடுப்பது எப்போது? அவசரம் கூடாது. இரண்டு மூன்று நாட்களில் தமனிக் கோட்டில் மேடுபள்ளம் திரும்பத் தெரியும். மருந்து குறைவாக இருக்க, ஓட்டத்தை அரை லிட்டர் அரை லிட்டராகக் குறைத்து, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் வரை கொண்டுவந்து, ஒவ்வொரு படியிலும் எக்கோ பார்க்க வேண்டும். குறைந்த ஓட்டத்தில் குழாய்க்குள் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். அதற்கு முன் ஹெபாரின் போதுமான அளவில் இருக்க வேண்டும், அந்தச் சோதனையை நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. அந்த ஓட்டத்தில் வெளியேற்றும் திறன் 20 முதல் 25 சதவீதமாவது இருந்து, ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி வால்வைக் கடக்கும் ரத்தப் பத்தியின் நீளம் 10 சென்டிமீட்டரை எட்டினால் எடுத்துப் பார்க்கலாம். 25 சதவீதமா என்று அதிர வேண்டாம். அது தொடக்கம்தான். வலது கீழறையை மறந்துவிட்டு இடதை மட்டும் அளந்து எடுத்தால், மறுநாளே திரும்பப் போட நேரும்.

எல்லோரும் மீள்வதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் தாண்டியும் அசைவே இல்லையென்றால் வழிகள் குறுகிவிடும். அந்நிலையில் மறு மாற்று செய்தவர்களுக்குப் பலன் குறைவு. குடும்பத்தோடு ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டிய நேரம் அது. ஆனால் எக்மோவிலிருந்து மீண்டு முதல் சில மாதங்களைக் கடந்தவர்களின் பிந்தைய ஆண்டுகள், அது தேவைப்படாதவர்களின் ஆண்டுகளைப் போலவே அமைவதைப் பல மையங்களின் பதிவுகள் காட்டுகின்றன.

வருமுன் காக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஐஸுக்குப் பதில் 4 முதல் 8 டிகிரிக்குள் சீராக வைக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. வெதுவெதுப்பான ரத்தத்தைச் செலுத்தி, துடிக்கத் துடிக்க இதயத்தைக் கொண்டுவரும் கருவியும் இருக்கிறது. துடிப்பு நின்ற கொடையாளரின் இதயத்தை 2014ல் சிட்னியில் மாற்றியபோது அதுதான் உதவியது.

ஒரு தவறான பெயர் என்ன செய்யும் என்பதற்கு முதல் இதய மாற்றே சாட்சி. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த அறுவை சிகிச்சைக்குப் பின் லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் வாழ்ந்தார். நுரையீரலில் தெரிந்த மாற்றங்களை உடலின் எதிர்ப்பு என்று கருதி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் கூட்டினார்கள். அது நிமோனியா. இன்றும் முதல் நாள் தளர்ச்சியை ‘ஏற்கவில்லை’ என்று தவறாகக் கொண்டு ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தால், திறந்த மார்போடும் குழாய்களோடும் கிடப்பவருக்குத் தொற்றைத்தான் அழைக்கிறோம்.

இந்தச் சொல் இன்னொரு வீட்டையும் காயப்படுத்துகிறது. தங்கள் பிள்ளையின் இதயத்தைக் கொடுத்தவர்கள் அதே செய்தியைப் படிக்கிறார்கள். கொடுத்தது பழுதானது என்றோ, வீணாயிற்று என்றோ அவர்களுக்குப் படுகிறது. பயணக் களைப்பில் மரத்துப்போன இதயம் அது, கொடையில் குறையில்லை.

மாற்றுக்காகக் காத்திருப்போரின் வீட்டார் அறுவை சிகிச்சைக்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். எக்மோ இயந்திரம் அரங்கிலேயே தயாராக இருக்குமா? அதை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் இரவிலும் இருப்பாரா? தேவைப்பட்டால் போடலாம் என்ற சம்மதத்தை இப்போதே தரலாமா? அதற்கான செலவைத் தனியாக எப்போது சொல்வீர்கள்? பதட்டமில்லாத நாளில் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

செய்தியாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். முதல் ஓரிரு நாட்களில் ‘புதிய இதயம் இன்னும் முழுமையாக இயங்கத் தொடங்கவில்லை, அதற்கு ஓய்வு தரத் தற்காலிகமாக எக்மோ பொருத்தப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள். உடலின் எதிர்ப்பை உறுதியாகச் சொல்வது திசுச் சோதனை. கழுத்துச் சிரை வழியே மெல்லிய இடுக்கியை விட்டு, வலது கீழறையின் சுவரிலிருந்து அரிசி மணியிலும் சிறிய சில துணுக்குகளை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வழக்கமாக முதல் சோதனை ஒன்றிரண்டு வாரத்துக்குள் நடக்கும். ‘ஏற்கவில்லை’ என்ற சொல்லை அந்த அறிக்கை வரும்வரை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
இதய மாற்று தீவிர சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள், பெர்ஃப்யூஷனிஸ்ட்கள், செவிலியர்கள்